பியற்றிஸ் வீட்டு நத்தார்

என் மனைவி பியற்றிஸுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை நான் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் பலர் இந்தச் செய்தியை, யாருக்கோ தீராத வியாதி வந்துவிட்டதைப் போலக் காதோடு காதாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் நம்புகிறவன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், பிரசங்கத்தில் தூங்குகிறவன். தென்லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் சாவி வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஜெராட் என்கிற என்னுடைய நம்பிக்கை எப்படிப்பட்டது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அவளுக்கு நம்பிக்கை இல்லாததைப் பற்றித்தான் ஊரெல்லாம் ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். மன்னாரில் பிறந்தவள், போரைப் பார்த்தவள், அங்கே என்னவோ நடந்திருக்க வேண்டும், அதுதான் கடவுளோடு கோபம் என்று அவர்களே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். அப்படி ஒன்றுமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து, அரிசி கழுவிக்கொண்டு நின்றவள், கும்பிடும்போது தான் யாரோடும் கதைப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும், இது கனகாலமாகவே இப்படித்தான் என்றும் என்னிடம் சொன்னாள். பிறகு அரிசியை உலையில் போட்டாள். கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அடுத்த ஞாயிறு என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போனாள்.

வேலை என்றால், பஸ் ஓட்டுவது. தென்லண்டனின் நெரிசல் தெருக்களில் சிவப்பு டபுள் டெக்கரைத் திருப்பி எடுக்கிற பெண் அவள். ஐந்தடி உயரம்கூட இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுகிற பயணிகள் உண்டு. புதிதாக வந்த ஓட்டுநர்களைப் பழக்குவதற்கு டிப்போவில் அவளோடுதான் அனுப்புகிறார்கள். இதைச் சொல்லும்போதும் நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

இப்படிப்பட்டவள் வருடம் தவறாமல் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கொண்டாடுகிறாள். கொஞ்சநஞ்சமாக அல்ல. நவம்பர் பிறந்தவுடனேயே றிச் கேக்குக்குப் பழங்களை நறுக்கி ஊற வைத்துவிடுவாள். கொக்கிஸ் சுடுவாள், பயத்தம் பணியாரம் செய்வாள். வரவேற்பறையின் மூலையில் பாலன் குடில் கட்டுவாள். அதில் மாடு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் என்னோடு சண்டை பிடிப்பாள். நம்பிக்கையுள்ள நான் குடில் விளக்குக்குப் பிளக் பொயின்ற் தேடிக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். அந்தப் பதிலை அவளுக்குக் கொடுத்தவர் நிர்மலன் அண்ணை. கோலியர்ஸ் வூட்டில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரர். சைவக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே இடதுசாரியாகி, எந்தச் சாமியையும் கிட்ட எடுக்காதவர். பண்டிகைகள் எல்லாம் வியாபாரிகளின் சூழ்ச்சி என்பார், எங்கள் வீட்டு நத்தாருக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு. அவர்தான் ஒருமுறை, நத்தார் என்பது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல், அதற்குப் பிறப்பு என்று மட்டும்தான் அர்த்தம் என்று விளக்கினார். பியற்றிஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்மஸ் என்ற சொல்லில் கிறிஸ்து இருக்கிறார், அது நம்புகிறவர்களுக்கு உரியது. நத்தாரில் பிறப்பு மட்டும்தான் இருக்கிறது, ஒரு பிள்ளை பிறந்ததைக் கொண்டாடத் தனக்கு யார் தடை என்பாள். எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் என்று அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எப்போதும் நத்தார்தான். இந்தச் சொல்லை மறந்துவிட வேண்டாம். பிறகு அதுதான் எங்களை ஒரு பாடுபடுத்தியது.

அவளுடைய நத்தார் மேசைக்கு ஒரு காலத்தில் எங்கள் குடும்பம் முழுவதும் வந்தது. முக்கியமாக என் அக்கா இசபெல். அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட்டார். அக்கா இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அவளுடைய மகன் கொட்வினைப் பாடசாலைக்குக் கொண்டுபோனதும், சோறு தீத்தியதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்ததும் பியற்றிஸ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொட்வின் இருந்தான். அவன் வளர்ந்து, றூபினியைக் கட்டி, அவர்களுக்கு மகள் எலீஷா பிறந்தபோது, வேறு யாரையும் யோசிக்காமல் மாமியைத்தான் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கச் சொல்லிக் கேட்டான். சட்டன் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டில், சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருக்க, சபை நடுவில் கேட்டான்.

பியற்றிஸின் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன், உடனே வாடியதையும் பார்த்தேன். ஞானத்தாயாக நிற்கிறவள் கோயிலில் எல்லோருக்கும் முன்னால், சுவாமியார் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றாள். பிள்ளைக்கு மற்ற எதுவென்றாலும் செய்வேன், இது மட்டும் முடியாது என்றாள். சம்பந்தியம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆயினும் அடக்கிக்கொண்டு, "உதட்டாலை சொன்னாக் காணும் பியற்றிஸ். எத்தினை பேர் அப்பிடிச் சொல்லுகினம்" என்றாள்.

"உங்களுக்கு அது பெரிய சொல்லு மச்சாள். அதை நான் உதட்டாலை சொல்லக் கூடாது" என்றாள் பியற்றிஸ்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. காரில் வரும்போது, ஒரு சொல்லில் என்ன இருக்கிறது, உமக்கு வாய் நோகுமா என்று கத்தினேன். அவள் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தச் சொல்லை அந்த அறையில் இருந்த நம்பிக்கைக்காரர் எல்லோரையும்விடப் பெரிதாக மதித்தவள் அதை நம்பாத இவள்தான். பூசையில் நான் அதை எத்தனை தரம் கொட்டாவியோடு சொல்லியிருப்பேன். அன்று தொடங்கியதுதான் எனக்குள் இந்தப் பெருமை. இன்னும் குறையவில்லை.

அக்காவுக்கு அது பெருமையாகப் படவில்லை. சம்பந்திக்கு முன்னால் தன் தலை குனிந்துவிட்டது என்று நினைத்தாள். நம்பாதவளுக்கு நத்தார் எதற்கு, அவள் வீட்டு மேசையில் இனித் தான் கை நனைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். எலீஷாவுக்கு றூபினியின் சிநேகிதி ஒருத்தி ஞானத்தாயாக நின்றாள். கொட்வினும் றூபினியும் அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். றூபினி ஆஸ்பத்திரித் தாதி, அவன் அலுவலகம் போகிறவன், பிள்ளையைப் பார்ப்பது அக்கா. அப்படியிருக்க அவன் தாயைத் தாண்டி எங்கே வருவான். ஃபோனில் மாமி, மாமி என்று குழைவான். பிள்ளையின் படங்கள் அனுப்புவான். பியற்றிஸ் அவற்றை டிப்போவில் எல்லோருக்கும் காட்டுவாள், தன் பேத்தி என்று சொல்லி. அந்தப் பேத்தி அவளுடைய வீட்டுப் படியை மிதித்ததில்லை.

இரண்டு நத்தார் அப்படிப் போயிற்று. எங்கள் மேசையில் நாங்கள் இருவரும் நிர்மலன் அண்ணையும். ஆட்டிறைச்சிக் கறி மூன்று நாளைக்குக் கிடந்தது. அக்கா பியற்றிஸிடம் கேட்டது ஒரே ஒரு மன்னிப்பு. பியற்றிஸோ, மனதை நோகடித்ததற்கு ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்பேன், பொய் சொல்லாததற்குக் கேட்கமாட்டேன் என்றாள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினேன்.

மூன்றாவது நத்தார் நெருங்கும்போது, பியற்றிஸ் மிச்சம் நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்குப் பிறகு நீந்தப் பழகுகிறவர்கள் அங்கே நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தி ராஜி. தமிழ்நாட்டுப் பெண், ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர். அவளுடைய கணவர் சேகருக்குக் கம்பியூட்டர் வேலை. இரண்டு பேரின் அப்பாக்களும் சுயமரியாதைக்காரர்கள். தாலி கட்டாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்த வீடுகள். பொங்கலைத் தவிர வேறு பண்டிகையே தெரியாமல் வளர்ந்தவர்கள். தண்ணீருக்குப் பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் பியற்றிஸுக்கும் ராஜிக்கும் நட்பாகியிருக்கிறது. ராஜிக்கும் கடவுள் இல்லை என்று தெரிந்ததும் பியற்றிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அங்கேயே, குளத்துக்குள் நின்றபடியே அழைப்பு விடுத்துவிட்டாள்: "இருபத்தைஞ்சாந் திகதி எங்கட வீட்டிலை நத்தார். நீங்கள் ரெண்டு பேரும் வரவேணும்."

குளத்தின் எதிரொலி ஒரு பக்கம், ராஜியின் காதை மூடிய ரப்பர் தொப்பி இன்னொரு பக்கம். அதைவிட, நத்தார் என்ற சொல்லை ராஜி வாழ்நாளில் கேட்டதேயில்லை. அவர்கள் பக்கத்தில் அது கிறிஸ்துமஸ்தான். அவள் காதில் விழுந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு சொல். ஆனால் எங்களுக்கு அது எப்படித் தெரியும்.

லண்டனில் நத்தார் அன்று பஸ் இல்லை, ட்ராம் இல்லை. வருடத்தில் அந்த ஒரு நாள் பியற்றிஸுக்கு நிச்சய விடுமுறை. மத்தியானம் மஞ்சள் சோறு வெந்துகொண்டிருந்தது. நிர்மலன் அண்ணையை நான் காரில் போய் ஏற்றிவந்திருந்தேன். அவர் இரண்டாவது கேக் துண்டில் கை வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த வழக்கத்தைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது.

வாசலில் சேகரும் ராஜியும். ராஜி பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் ஒரு தாம்பாளம் ஏந்திக்கொண்டு நின்றாள். தாம்பாளத்தில் பழம், அதற்கு மேல் அரக்கு நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் பட்டு. நீச்சல் தோழி இவ்வளவு ஆடம்பரமாக வந்ததில் பியற்றிஸ் கொஞ்சம் திகைத்துப் போனாள்.

"நாத்தனார் வந்துட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள் ராஜி.

இந்தியத் தமிழர்கள் நத்தாரையும் மரியாதை சேர்த்து அப்படித்தான் சொல்வார்களாக்கும் என்று பியற்றிஸ் நினைத்துவிட்டாள். நானும்தான். எங்கள் பக்கத்தில் கணவனின் சகோதரி மச்சாள். அவளை நாத்தனார் என்று சொல்லும் புழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"ஓம், ராத்திரி பன்னிரண்டு மணியோடையே வந்திட்டுது" என்றாள் பியற்றிஸ்.

'வந்திட்டுது' என்றதும் ராஜியின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. கணவரைப் பார்த்தாள். சேகர் தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தவள், கண்ணால் அறை அறையாகத் தேடினாள். எத்தனை நாள் இருப்பார்கள் என்று மெல்லக் கேட்டாள்.

பியற்றிஸ் மூலையில் இருந்த குடிலையும் மரத்தையும் பெருமையோடு பார்த்தாள். "ஜனவரியிலை ராசாக்கள் திருநாள் வரைக்கும் வைச்சிருப்பம். பிறகு பெட்டியிலை போட்டு மேலை லொஃப்ற்றிலை ஏத்திப் போடுவம்."

ராஜி எழுந்தே விட்டாள். அவளுடைய கையிலிருந்து தாம்பாளம் சரியப் பார்த்தது. நிர்மலன் அண்ணைக்குத்தான் முதலில் விளங்கியது. கேக் புரைக்கேறி, இருமி, கண்ணில் நீர் வழிய, நாத்தனார் என்றால் இந்தியாவில் யார் என்று எங்களுக்கும், நத்தார் என்றால் இலங்கையில் என்ன என்று அவர்களுக்கும் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பியற்றிஸ் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. சேகர், வழிநெடுக ராஜி தன்னைத் திட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னார். உடன்பிறந்த அக்காவுக்குத் தான் வருடக்கணக்கில் ஒரு புடவைகூட எடுத்துத் தரவில்லையாம், இவர்களோ நாத்தனார் வருகிறார் என்று ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறார்களாம்.

சிரிப்பு அடங்கியதும் ராஜி சும்மா இருக்கவில்லை. அப்படியானால் பியற்றிஸ் அக்காவுக்கு நாத்தனாரே கிடையாதா என்று கேட்டாள்.

எனக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், சட்டனில், இங்கே வருவதில்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்க, நிர்மலன் அண்ணை சுருக்கமாக எல்லாவற்றையும் சொன்னார். ராஜி கேட்டு முடித்துவிட்டு, அந்தப் பட்டைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துப் பியற்றிஸின் மடியில் வைத்தாள்.

"நாத்தனாருக்குன்னு எடுத்தது. நானும் கட்ட மாட்டேன், நீங்களும் கட்டக் கூடாது. அவங்ககிட்ட சேர்க்கறது உங்க பொறுப்பு" என்றாள்.

பியற்றிஸ் அந்தப் பட்டின் கரையை விரலால் நீவினாள். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்ற பிடிவாதத்தில் இரண்டு வருடம் அந்த வாசலுக்குப் போகாதவள். இப்போது போவதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்தாள். விருந்தாளிகளை நிர்மலன் அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

றோட்டில் ஈ காக்கை இல்லை. அப்படியிருந்தும் பஸ் நிறுத்தம் வருகிற இடத்தில் எல்லாம் அவளுடைய கால் தன்பாட்டுக்கு வேகத்தைக் குறைத்தது. ரோஸ்ஹில் தாண்டியதும் நான் என் வாயைக் கட்டுப்படுத்த முடியாமல், அக்கா ஏதாவது கேட்டால் கொஞ்சம் விட்டுக்கொடும் என்றேன். சீலையை விட்டுக்கொடுக்கத்தானே போகிறேன் என்றாள்.

கதவைத் திறந்தவன் கொட்வின். றூபினிக்கு நத்தார் அன்றும் ஷிப்ட், அதனால் வீட்டில் அவனும் அக்காவும் பிள்ளையும்தான். அவனுடைய காலுக்குப் பின்னால் இருந்து எலீஷா எட்டிப் பார்த்தாள். மூன்று வயதுக்குக் கிட்ட. வீடியோவில் பார்த்த முகம் என்பதால், தகப்பன் கூப்பிடுகிற மாதிரியே மாமி என்று சொல்லிக்கொண்டு வந்து, பியற்றிஸின் விரலைப் பிடித்துக்கொண்டாள். பியற்றிஸ் நின்ற இடத்தில் அப்படியே நின்றாள்.

அக்கா உள்ளே இருந்து வந்தாள். பூசைக்குக் கட்டிய சீலை இன்னும் மாற்றவில்லை. எங்களை இருக்கச் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தனியோ?" என்று கேட்டாள்.

"இல்லை மச்சாள். இதைத் தர வந்தனான்." பியற்றிஸ் பட்டை நீட்டினாள்.

இது என்ன, யார் தந்தது என்று அக்கா கேட்டாள். பியற்றிஸ் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நீச்சல் குளம், ரப்பர் தொப்பி, பன்னிரண்டு மணிக்கு வந்தது, பெட்டியில் போட்டு லொஃப்ற்றில் ஏற்றுவது எல்லாம். கொட்வின் சுவரோடு சாய்ந்து சிரித்துக் குலுங்கினான். அக்காவின் உதடும் துடித்ததை நான் பார்த்தேன். ஆனால் அவள் என் அக்கா. எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் அவளிடம் கொஞ்சம் அதிகமாகவே சேர்ந்துவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு, பட்டை வாங்காமலே சொன்னாள்.

"நம்புறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. எனக்கு முன்னாலை மட்டும் சொன்னாக் காணும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இப்பவே வாறன்."

ஆண்டவரே, சொல்லிவிடட்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு பொய்க்காக ஆண்டவரிடம் மன்றாடினேன். பிள்ளை அவளுடைய விரலை இழுத்துக்கொண்டு நின்றது. கொட்வின் கண்ணாலேயே கெஞ்சினான். கேட்பதற்கு வெளியாட்கள்கூட இல்லை. வாசலில் நின்று மெதுவாகச் சொன்னால் முடிந்துவிடுகிற காரியம்.

பியற்றிஸ் பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"ஏலாது மச்சாள்" என்றாள். "நீங்கள் வரவேணும் எண்டு எனக்கு ஆசை. பிள்ளை வரவேணும் எண்டு அதைவிட ஆசை. ஆனா உங்களுக்குப் பொய் சொல்லி உங்களைக் கூட்டிக்கொண்டு போக என்னாலை ஏலாது."

பட்டைக் கதவடி மேசையில் வைத்தாள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விடுவித்தாள். காரை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நான் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். என்ன பார்வை என்று இப்போது எனக்கே தெரியவில்லை, ஆனால் அதில் கெஞ்சல் இருக்கவில்லை. உன் வீட்டு வாசலில் இப்படி ஒருத்தி வந்து நின்றாளே, உனக்குத் தெரியவில்லையா என்ற பெருமைதான் இருந்தது. நானும் திரும்பி நடந்தேன்.

கார் கதவைத் திறக்கும்போது அக்கா கூப்பிட்டாள். பியற்றிஸைத்தான் கூப்பிட்டாள், என்னை அல்ல. கையில் அந்தப் பட்டு இருந்தது. கட்டுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், காரைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து இருங்கள் என்றாள்.

எங்கள் வீட்டுக்கு நாங்கள் திரும்பிவந்தபோது, அக்கா முன் சீட்டில் பியற்றிஸுக்குப் பக்கத்தில் இருந்தாள், அரக்குப் பட்டோடு. கொட்வின் எங்களுக்குப் பின்னால் பிள்ளையோடு தன் காரில் வந்தான். ராஜி வாசலுக்கே ஓடி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே பழகியவர்கள்போல இருவரும் உள்ளே போனார்கள். ஆட்டிறைச்சிக் கறி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. நிர்மலன் அண்ணையை நம்பி அடுப்பை விட்டுப்போனால் அப்படித்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் பியற்றிஸ் கரண்டியை எடுக்கவில்லை. செபம் சொல்லும்படி அக்காவைக் கேட்டாள். அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். நாங்களும் எழுந்தோம். சேகர் ஒரு கூட்டத்தில் மௌன அஞ்சலிக்கு நிற்பதுபோல நின்றார். நிர்மலன் அண்ணை கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், தலையை மட்டும் குனிந்தார். அக்கா உணவுக்கும் நாளுக்கும் நன்றி சொன்னாள். சமைத்த கைக்கும் நன்றி சொன்னாள், அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள்.

முடிவில் அக்காவும் நானும் கொட்வினும் ஆமென் சொன்னோம். எலீஷாவும் மழலையில் பெரிதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பியற்றிஸை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமி, யூ டிட்ன்ற் சே ஆமென்" என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது. வந்த வேகத்தில் எல்லாம் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தேன். ராஜி சேகரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பியற்றிஸ் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல் நான் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பியற்றிஸை முந்திக்கொண்டாள். பிள்ளையிடம்தான் சொன்னாள், ஆனால் பார்த்தது பியற்றிஸை.

"மாமி சொல்ல மாட்டா, குஞ்சு. மனசிலை இல்லாததை அவ சொல்லவே மாட்டா. நீ பெரிசா வளந்தாப் பிறகு, உனக்கு உண்மை தெரிய வேணுமெண்டால், என்னட்டை வராதை. இவவிட்டைப் போ."

பியற்றிஸ் குனிந்தபடியே இருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. எழும்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்றுக் கரண்டியை எடுத்து அக்காவின் தட்டில் முதலில் பரிமாறினாள். அக்கா போதும் என்று சொல்லவில்லை.